பழவேற்காடு: வந்து குடியேறியவர்களும் ஊர் வரலாறும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

டச்சுக் கல்லறையைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பது ஒரு வகை. "எங்கள் பாட்டனார் பழவேற்காட்டுக்காரர், எந்தத் தெரு என்று தெரியவில்லை" என்று தேடி வருகிறவர்கள் கேட்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதியிருக்கிறது.

பழவேற்காடு என்பது ஊரா, ஏரியா?

இரண்டும்தான். சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது ஊர். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பேருந்து. ஏரி என்பது கடலோடு கலந்த உப்பங்கழி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் இரண்டாவது பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு வாய்த்தது தெற்கு ஓரம் மட்டும்தான், ஆனால் முகத்துவாரம் அந்த ஓரத்தில் இருக்கிறது. மீனுக்கும் இறாலுக்கும் வாசல் அதுதான். இந்த ஊரில் நடந்த பெரிய சண்டைகளில் பலவற்றின் வேர் அந்த வாசலில் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிற மணல் தீவு ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவுகிற அதே இடம்தான்.

இங்கே முதலில் குடியேறியவர்கள் யார்?

இந்தக் கேள்வியை எந்தத் தெருவில் கேட்கிறீர்களோ, அந்தத் தெருவின் பதில்தான் கிடைக்கும். குப்பத்தில் கேட்டால் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தார், பள்ளிவாசல் திண்ணையில் கேட்டால் அரபு நாட்டிலிருந்து வந்த மூதாதையர். கற்களைக் கேட்டால் விஜயநகரக் காலம் வரை தெளிவாகப் பேசும். செம்புறாங்கல்லால் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் இராமாயணக் காட்சிகளை விரல் நீளச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். மீன் பிடிக்க மட்டும் வந்தவர்கள் இருந்த ஊரில் அப்படியொரு கோயில் எழும்பாது. அதைக் கட்டியது வியாபாரப் பணம்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடற்கரை ஊர்களைப் பற்றி எழுதிய துவார்த்தே பார்போசா என்ற போர்ச்சுகீசியர், விஜயநகர அரசரின் துறைமுகமாக இதைக் குறிப்பிடுகிறார். முஸ்லிம் வணிகர்களும் இந்துக்களும் நிறைந்த ஊர், துணி வியாபாரம் செழித்த ஊர் என்கிறார். ஆக, ஐரோப்பியர் வந்து இறங்கியபோது இது ஏற்கெனவே பல சனங்கள் கலந்து வாழ்ந்த பட்டணம். "டச்சுக்காரர்கள் உருவாக்கிய ஊர்" என்று சில சுற்றுலாப் பக்கங்கள் எழுதுவதை நம்ப வேண்டாம்.

இங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் மெக்காவிலிருந்து வந்தவை என்கிறார்களே?

அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருவது இது: அரபு நாட்டில் புதிதாக வந்த ஆட்சியாளருக்கு அடிபணிய மறுத்த சிலர் மரக்கலங்களில் ஏறிக் கிளம்பினார்கள், அதில் ஒரு பிரிவினர் இங்கே கரை ஒதுங்கினார்கள். ஆண்டு போட்டு நிறுவக்கூடிய கதை இல்லை. ஆனால் அரபு வணிகர்கள் சோழமண்டலக் கரையில் தங்கியதும், உள்ளூர்ப் பெண்களை மணந்ததும், தமிழ் பேசும் முஸ்லிம் சமூகங்கள் அப்படி வளர்ந்ததும் வரலாறு. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் எல்லாம் அதே கடல்வழியின் ஊர்கள். துணி ஏற்றிய கப்பல்கள் நின்றுபோன பிறகும் இந்தக் குடும்பங்களில் பல இங்கேயே தங்கிவிட்டன. இங்கத்துப் பெண்கள் பனை ஓலையில் முடையும் பெட்டிகளும் கூடைகளும் இன்று சென்னைக் கைவினைக் கடைகள் வரை போகின்றன. பள்ளிவாசல் ஒன்றில் தொழுகை நேரம் பார்க்க வைத்த சூரியக் கடிகாரம் இருக்கிறது. போகிறவர்கள் அனுமதி கேட்டுப் பார்க்கலாம்.

போர்ச்சுகீசியர்கள் என்ன ஆனார்கள்?

மயிலாப்பூர் சாந்தோமுக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே 16ஆம் நூற்றாண்டு முழுக்கப் போக்குவரத்து இருந்தது. கோவாவிலிருந்த போர்ச்சுகீசிய ஆட்சியின் கட்டுப்பாட்டில் இருக்கப் பிடிக்காத தனி வியாபாரிகளும் வேலையை விட்டு ஓடிவந்த சிப்பாய்களும்தான் இந்தப் பக்கம் அதிகம் தங்கினார்கள். அவர்கள் காலத்தில் தொடங்கிய மகிமை மாதா ஆலயம் இன்னும் இருக்கிறது. திருவிழாவுக்குக் கூட்டம் நிறைய வரும்.

டச்சுக்காரர்கள் ஏன் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள்?

துணிக்காக. அவர்களுக்கு உண்மையில் வேண்டியது ஜாதிக்காயும் கிராம்பும், அவை விளைவதோ இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மலுக்குத் தீவுகளில். அந்தத் தீவுக்காரர்கள் ஐரோப்பியச் சரக்கைச் சீந்தவில்லை. சோழமண்டலக் கரையின் சாயத்துணி கொடுத்தால்தான் வாசனைப் பொருள் கிடைத்தது. அதனால் துணி நெய்யும் கரைக்கு வந்தார்கள்.

முதல் டச்சுக் கப்பல் பக்கத்திலுள்ள கரிமணல் கிராமத்தில் ஒதுங்கியது, முஸ்லிம்கள் சோறும் தண்ணீரும் கொடுத்தார்கள் என்பது ஊர்ப் பேச்சு. காகிதத்தில் உள்ள வரிசை வேறு. 1610இல் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரிடம் வியாபார உரிமை பெற்றார்கள். 1612இல் சாந்தோம் போர்ச்சுகீசியர் வந்து அவர்களுடைய பண்டகசாலையைத் தகர்த்தார்கள். பழவேற்காட்டுப் பகுதி அப்போது அரசியின் பொறுப்பில் இருந்தது. அவர் ஆதரவோடு 1613இல் கோட்டை எழுந்தது. கட்டி முடித்த தலைமை அதிகாரி வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரையே அதற்கு வைத்தார்: கெல்டிரியா கோட்டை.

1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுத் தலைமையிடம் இதுதான். பிறகு தலைமை நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது. 1781இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், 1795இல் மறுபடி பிடித்தார்கள், 1818இல் மறுபடி கொடுத்தார்கள். கடைசியில் 1824 உடன்படிக்கைப்படி 1825இல் ஊர் நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டையைப் பார்க்க ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது: மிஞ்சியிருப்பது அகழியும் மேடும் முட்புதரும்தான்.

கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டவர்கள் யார்?

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகள், வியாபாரிகள், அவர்களுடைய மனைவிமார், நிறையக் குழந்தைகள். வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள் நிற்கும். பெரும்பாலோர் அதைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே போய்க் கற்களின் எழுத்தைப் பாருங்கள். குடும்பச் சின்னம், பெயர், வகித்த பதவி, பிறந்த ஊர், இறந்த நாள் என எல்லாம் ஆழமாக வெட்டியிருக்கும். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மேலே ஏறி உட்காருவதும் பெயர் கிறுக்குவதும் குற்றம்.

கல்லறைக் கல் இல்லாமலேயே நினைக்கத்தக்க ஒருவர் ஆபிரகாம் ரோஜேரியுஸ். 1632 முதல் பத்தாண்டுகள் இங்கே டச்சு மதகுருவாக இருந்தவர். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமய வழக்கங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் இறந்த பிறகு 1651இல் லெய்டனில் அச்சானது. சமஸ்கிருதக் கவிஞர் பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதலாக வந்தது அதில்தான். இப்படியொரு காரியம் நடந்த ஊரில் அதைச் சொல்ல ஒரு பலகைகூடக் கிடையாது என்பது என் வருத்தம்.

டச்சு வம்சத்தினர் ஊரில் இன்னும் இருக்கிறார்களா?

"நாங்கள் டச்சு வழி" என்று சொல்லிக்கொள்ளும் தெருவோ சாதியோ இங்கே இல்லை. கலப்பு நடக்கவில்லை என்று பொருளல்ல. கம்பெனிச் சிப்பாய்கள் பலர் இங்கத்துப் பெண்களோடும் போர்ச்சுகீசிய வழி வந்த பெண்களோடும் குடும்பம் நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகள் கம்பெனி வேலையோடு நாகப்பட்டினம், இலங்கை, பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா) என்று இடம் மாறிப்போனார்கள். இலங்கையில் ஐரோப்பியக் கலப்பு வழிவந்த பறங்கியர் ஒரு சமூகமாக நிலைத்ததுபோல இங்கே நிலைக்கவில்லை.

அடிமை வியாபாரம் நடந்தது உண்மையா?

உண்மை. கைடுகள் சொல்லாமல் தாண்டிப் போகும் பகுதி இது. 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காடு வழியாக ஆயிரக்கணக்கான மனிதர்களைக் கப்பலேற்றி பட்டாவியாவுக்கும் பிற டச்சுக் குடியிருப்புகளுக்கும் அனுப்பினார்கள். 1621இல் மலுக்குப் பகுதியிலுள்ள பாண்டா தீவின் மக்களை டச்சுக்காரர்கள் கொன்று அழித்த பிறகு, அங்கே ஜாதிக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. இந்தப் பக்கம் போரும் பஞ்சமும் வந்த ஆண்டுகளில் சோற்றுக்காகத் தன்னையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் உண்டு. தரகர்கள் ஆள்பிடித்து வந்து விற்றதும் உண்டு. பஞ்சம் கடுமையான ஆண்டுகளில் ஏற்றுமதி கூடியது, மழை பெய்த ஆண்டுகளில் குறைந்தது. கோட்டைக்குள் வெடிமருந்து ஆலையும் நாணயச் சாலையும் இருந்ததை எல்லோரும் சொல்வார்கள். கப்பலுக்காகக் காத்திருந்த இந்த மனிதர்களைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊரைவிட்டுப் போன குடும்பங்கள் என்று கணக்கெடுத்தால் முதலில் வர வேண்டியவர்கள் இவர்கள்தான்.

நெசவாளர் குடும்பங்கள் எங்கே போயின?

துணி வாங்க ஆள் இல்லாமல் போனதும் வேலை தேடிக் கலைந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத்துணி வந்து இந்தக் கரை முழுவதும் தறிகளை நிறுத்தியது. மலாய்க்காரர்கள் கட்டுகிற கட்டம் போட்ட கைலியை இன்றும் "பெலிக்காட்" என்கிறார்கள். அந்தப் பெயர் போன இடம் இந்த ஊர்தான்.

பாடு என்றால் என்ன? பழவேற்காட்டில் யாரைக் கேட்டாலும் அதைப் பற்றியே பேசுகிறார்களே?

ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்ற முறைதான் பாடு. பழவேற்காட்டின் வரலாற்றைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் கற்றுக்கொள்ள நேரமிருந்தால், கோட்டையை விட்டுவிட்டு இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்தவை நீரோட்டத்தோடு கடலுக்குத் திரும்பும். ஆகவே முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், நீர் இழுக்கிற ஓடைகளில் கழி நட்டு வலை கட்டுகிறவருக்குத்தான் நல்ல பிடிப்பு. அப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சம். எல்லாரும் ஒரே இரவில் போய் வலை கட்டினால் அடிதடிதான். இதற்குப் பெரியவர்கள் கண்ட வழி முறைவைப்பது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் என்ற மூன்று பட்டினவர் குப்பங்கள் மாற்றி மாற்றி அந்த இடங்களில் இறங்குகின்றன. ஒரு குப்பத்துக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை மோசமான இடம் விழலாம். பருவம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் வித்தியாசம் குறைந்துவிடும். தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து பேசித் தீர்க்கும், அபராதமும் போடும்.

பாட்டுரிமை தகப்பன் வழியாக மகனுக்கு வருகிறது. அதனால் பாட்டுக்கு உரியவர்களின் பட்டியல் என்பது அந்தக் குப்பத்துக் குடும்பங்களின் பட்டியலும்கூட. டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைக் கருங்கல்லில் வெட்டிவைத்துவிட்டுப் போனார்கள். இங்கேயே இருந்துவிட்டவர்களின் பெயர்கள் பஞ்சாயத்து நோட்டிலும் சீட்டுக் குலுக்கும்போது கூப்பிடும் வரிசையிலும் இருக்கின்றன. எனக்கு இரண்டாவதுதான் இந்த ஊரின் ஆவணமாகப் படுகிறது, ஏனென்றால் அதில் பெயர் இருப்பதற்கும் அடுப்பு எரிவதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

இந்த முறை இங்கே மட்டும் உள்ளதல்ல. கொச்சிக் காயலில் இதே பெயரில் இருக்கிறது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இறாலுக்குக் கட்டுவலை போடச் சீட்டுக் குலுக்குகிறார்கள்.

பாடு இல்லாதவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்?

இங்கேதான் பாட்டின் மறுபக்கம் இருக்கிறது. மூன்று குப்பத்தாருக்குள் அது சமத்துவம், வெளியே நிற்பவருக்கு அது மூடிய கதவு. பட்டினவர் அல்லாதவர்களுக்குப் பழைய முறையில் இடமில்லை. பெண்களுக்குத் தனிப் பாடு இல்லை. இருளர்கள், குறிப்பாகப் பெண்கள், முட்டளவு இடுப்பளவுத் தண்ணீரில் அமர்ந்தபடி நகர்ந்து கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். கழுத்திலோ வாயிலோ ஒரு ஓலைப் பறி தொங்கும். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து கரைக்கு வந்தால் கிடைப்பது அன்றைய அரிசிக்கு ஆகும்.

இறாலுக்கு ஏற்றுமதி விலை வந்த பிறகு நெருக்கடி கூடியது. விவசாயக் கூலி வேலை குறைந்ததால் தலித் குடும்பங்களும் ஏரியில் இறங்கின. பாடு இல்லாத மற்றக் குப்பங்களும் பங்கு கேட்டன. எல்லைத் தகராறு, வலை அறுப்பு, பேச்சுவார்த்தை என்று அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டினவரிடம் கேட்டால் "முறை இல்லாவிட்டால் ஏரியே காலியாகிவிடும்" என்பார்கள். மற்றவர்கள் "ஏரி என்ன உங்கள் பாட்டன் வெட்டியதா" என்பார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுக்கொண்டு எழுதுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வந்த குடும்பங்களும் இங்கே இருக்கின்றனவா?

இருக்கின்றன. 1969இல் அந்தத் தீவை ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் கிளம்பியது. தீவில் இருந்த ஊர்கள் காலியாயின. ஏனாதிகள் எனப்படும் பழங்குடியினரும் அங்கே வாழ்ந்தவர்கள். வெளியேறிய மீனவர்களில் சிலர் ஏரியின் தென்கரைக்கு வந்து புதுக் குப்பம் போட்டார்கள். ஆக, இங்கே "வந்தேறி" என்று ஒருவர் இன்னொருவரைச் சொல்லும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஏவுகிற நாளில் இன்றும் கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பு வரும். அன்றைய பிடிப்பு போனது போனதுதான்.

எல்லைக்கு வடக்கே ஆந்திரக் கரையில் "பட்டப்பு" என்று அழைக்கப்படும் மீனவர்கள் தமிழ்க் கரையிலிருந்து போனவர்களின் வழியினர். ஏரியின் நடுவே மாநில எல்லையை யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. இரு பக்கத்தாரும் மோதிக்கொள்ளும் செய்தி அவ்வப்போது நாளிதழில் வரும். அப்போது இதை நினைவில் வையுங்கள்.

முகத்துவாரம் ஏன் அடிக்கடி செய்தியில் வருகிறது?

கோடையில் மணல் சேர்ந்து அது தூர்ந்துவிடும். தூர்ந்தால் படகு கடலுக்குப் போக முடியாது, இறால் உள்ளே வராது, ஏரித் தண்ணீரின் உப்பும் தாறுமாறாகும். முன்பு மீனவர்களே கூடி மணலை வெட்டித் திறப்பார்கள். பிறகு இயந்திரத்தால் தூர்வாரினார்கள். இரு பக்கமும் கல் கொட்டித் தடுப்புச் சுவர் கட்டி நிலையாகத் திறந்து வைக்கவும் ஏறக்குறைய 27 கோடி ரூபாயில் அரசு திட்டம் எடுத்தது.

தெற்கே எண்ணூர்த் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்த பிறகு கரையோர மணல் நகர்வதே மாறிவிட்டது என்கிறார்கள் மீனவர்கள். துறைமுகச் சுவருக்கு வடக்கே கரை அரிப்பது இந்தக் கடற்கரையில் கண்ணால் பார்க்கக்கூடியது. காட்டுப்பள்ளிக் குப்பத்துக் குடும்பங்கள் ஏற்கெனவே வேறிடத்துக்கு மாற்றப்பட்டவை. 330 ஏக்கரில் உள்ள அந்தத் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்தை அதானி குழுமம் முன்வைத்தபோது, குப்பங்கள் ஒன்றாகக் கூடி எதிர்த்தது அதனால்தான். ஏரியில் பாட்டுக்காக முட்டிக்கொண்டவர்களும் அந்தப் போராட்டத்தில் ஒரே பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள்.

என் குடும்பம் பழவேற்காட்டைச் சேர்ந்தது. பழைய விவரங்களை எங்கே தேடலாம்?

எந்தச் சமூகம் என்பதைப் பொறுத்தது.

கிறிஸ்தவக் குடும்பமானால் பங்கின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளிலிருந்து தொடங்குங்கள். பாதிரியாரிடம் நேரில் போய்க் கேட்பதே பலிக்கும். முஸ்லிம் குடும்பமானால் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடும் வக்ஃபு ஆவணங்களும். நிலம் இருந்த குடும்பமானால் பழைய பத்திரங்களும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேடும் உதவும். டச்சுக் கம்பெனியோடு தொடர்பிருந்தது என்று நம்புகிறவர்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சு ஆவணத் தொகுதி இருக்கிறது. ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகம் கம்பெனி ஊழியர்களின் சம்பளப் புத்தகங்களைப் பெயர் போட்டுத் தேடும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. பழைய டச்சுக் கையெழுத்தைப் படிக்கப் பழக்கம் வேண்டும்.

மீனவக் குடும்பங்களுக்கு எந்தக் காப்பகத்திலும் பெரிதாக எதுவும் கிடைக்காது. கடலில் போனவனுக்கு யார் பத்திரம் எழுதினார்கள்? குப்பத்தில் வயதானவர்களைத் தேடிப் போக வேண்டும். பாட்டனார் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, பாட்டியை எந்தக் குப்பத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று தெரிந்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள். பெண் கொடுத்து எடுத்த வழியில்தான் நினைவுகள் ஓடும். அவருடைய பட்டப்பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், பட்டப்பெயர் ஒருவருக்குத்தான். காலை ஏல நேரத்தில் போய்க் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். மதியம் வலை பின்னிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பவர்களிடம் போங்கள்.

எப்போது வரலாம்? படகில் போகலாமா?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம், பூநாரைகளும் அப்போதுதான் வரும். 2011 கிறிஸ்துமஸ் அன்று ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போடப்பட்டது. "நான் கூட்டிப்போகிறேன், பரவாயில்லை" என்று யாராவது சொன்னாலும், காவல் நிலையத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்காமல் ஏறாதீர்கள். மீனும் நண்டும் வாங்க நினைப்பவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் நல்ல சரக்கு எல்லாம் சென்னைக்கு வண்டி ஏறியிருக்கும்.